ஓடினவனுக்கு அப்பம் கொடுத்த தேவன்



இவ்வாரத் தியானத்துக்குரிய வேதபகுதி 1 கொரிந்தியர் 9:24-27. அதனுடன் 1 இராஜாக்கள் 19:1-8 வரையுள்ள வசனங்களையும் வாசித்துவிட்டு இதைத் தொடரும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். இரண்டும் ஓடினவர்களைப் பற்றிய பகுதிகள். முதலாவதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். இரண்டாவதில் உள்ள ஓட்டக்காரனையோ நாம் கவனிப்பதே இல்லை.

வாலிபர் கூட்டமாயினும் கன்வென்ஷன் மேடையாயினும், உபவாச ஜெபமாயினும், ஓட்டப்பந்தய வீரர் ஒருவரின் கதை வராத ஆண்டு இல்லை. கதையின் அமைப்பும் மாறுவதில்லை. ஒருவர் அதிகாலையில் எழுந்தார், பட்டினி கிடந்தார், கால் வீங்கியும் ஓடினார், மயங்கி விழுந்தும் எழுந்தார். இறுதியில் பதக்கம் பெற்றார். பிறகு பிரசங்கியார் விரலை நீட்டி, அழிவுள்ள பதக்கத்துக்கே அவர் இவ்வளவு பாடுபட்டாரே, அழியாத கிரீடத்துக்காக நீ என்ன பாடுபட்டாய் என்று கேட்பார். சபை தலைகுனியும். சிலர் அழுவார்கள். இந்தக் கேள்வி வேதத்திற்கு விரோதமானது என்றும், நம் பிள்ளைகளின் சரீரத்துக்கும் ஆத்துமாவுக்கும் கேடு விளைவிப்பது என்றும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதைகளையே எடுத்துக்கொள்வோம். பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், அதுவரை ஓடியே இராத மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர். 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் அறுபது முறை, சில காலங்களில் நூறு முறைகூட ஓடிப் பழகினார். கனத்த இராணுவக் காலணிகளை அணிந்து ஓடினார். மூச்சை அடக்கிக்கொண்டே நடந்து மயங்கி விழுந்தார் என்றும், மனைவி டானாவை முதுகில் சுமந்துகொண்டு ஓடினார் என்றும் சொல்லுவார்கள். (பாரமான யாவற்றையும் தள்ளிவிட்டு ஓடும்படி கற்பிக்கும் எபிரெயர் நிருபத்தைப் பிரசங்கிக்கும்போது, மனைவியைச் சுமந்து ஓடியவரை உதாரணமாக்குவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. அந்த அம்மையாரும் சாமானியர் அல்லர். கணவர் 5,000 மீட்டரில் வென்ற அதே நாளில் ஈட்டியெறிதலில் தங்கம் வென்றவர்.)

ஜாட்டோபெக்கின்மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. அவர் தம் சரீரத்தின்மேல் ஏற்றிய பாரத்தை வேறொருவர் சரீரத்தின்மேல் ஏற்றவில்லை. தாம் அறிந்ததைப் போட்டியாளர்களுக்கும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். ஒலிம்பிக் தங்கம் ஒருபோதும் கிட்டாத ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க்குக்குத் தம்முடைய பதக்கங்களில் ஒன்றையே 1966-இல் கொடுத்தனுப்பினார். அந்தப் பதக்கத்தின் கதையை எந்தப் பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? நமக்கு வேண்டியது அவருடைய ஈகை அன்று, அவருடைய வேதனையே. இங்கேதான் நம் ரசனையின் கோணல் வெளிப்படுகிறது.

ஒருவன் தன்மேல் ஏற்றிக்கொண்ட வேதனை ஒரு போதனையாக மாறி, அடுத்தவன் தோளில் ஏற்றப்படும்போது என்ன நேரிடுகிறது? சீனாவின் மா ஜுன்ரென் என்ற பயிற்சியாளரைப் பாருங்கள். 1993-ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அவருடைய பெண்கள் 3,000 மீட்டரில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தனர். அடுத்த மாதமே பெய்ஜிங்கில் வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 வினாடியில் ஓடி, முந்தைய உலகச் சாதனையிலிருந்து ஏறத்தாழ 42 வினாடிகளைக் குறைத்தார். இரகசியம் என்னவென்று உலகம் கேட்டது. ஆமை இரத்தம், புழுவில் முளைக்கும் ஒருவகைக் காளான், நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் என்று பதில் வந்தது. அந்தப் பெண்கள் கூந்தல் வளர்க்கக்கூடாது, எவரையும் காதலிக்கக்கூடாது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களில் பெரும்பாலோர் அவரை விட்டு வெளியேறினர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னர், இரத்தப் பரிசோதனையில் ஐயம் எழுந்ததனால் அவருடைய வீராங்கனைகள் ஆறு பேர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஊக்கமருந்தை உட்கொள்ளும்படி தாங்கள் கட்டாயப்படுத்தப்பட்டதாக வாங்கும் உடன் ஓடியவர்களும் 1995-இல் எழுதியதாகக் கூறப்படும் கடிதம் ஒன்று 2016-இல் சீன ஊடகத்தில் வெளியாயிற்று. ஆமை இரத்தத்தைப் பார்த்து வியந்தவர்கள் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்திருந்தால் நலமாயிருந்திருக்கும்.

இது கம்யூனிச நாட்டில் நடந்தது, நமக்கென்ன என்பீர்களானால், அமெரிக்காவுக்கு வாருங்கள். ஆல்பெர்ட்டோ சலசார் ஒரு விசுவாசி, பக்தியுள்ள கத்தோலிக்கர். 1978-இல் ஃபால்மத் என்ற ஊரில் நடந்த பந்தயத்தில் கடும் வெப்பத்தில் நிறுத்தாமல் ஓடி விழுந்தார். உடல் வெப்பம் 108 பாரன்ஹீட் பாகை வரை ஏறிற்று. பனிக்கட்டி நீரில் கிடத்தினார்கள்; பிழைக்கமாட்டார் என்று எண்ணி அவஸ்தைபூசுதலும் கொடுத்தார்கள். பிழைத்தார். 1982-இல் பாஸ்டன் மாரத்தானில் டிக் பியர்ட்ஸ்லியுடன் தோளோடு தோள் நின்று ஓடி, இரண்டே வினாடி வித்தியாசத்தில் வென்றார். ஓடி முடித்தபின் வறண்டுபோன அவர் உடலுக்குள் ஆறு லிட்டர் உப்புநீர் ஏற்றவேண்டியதாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் அவர் ஓட்டம் தளர்ந்துபோயிற்று. இத்தகைய கதையைக் கேட்டால் நம் மேடைகள் ஆரவாரிக்கும்.

அவரே பின்னாளில் பயிற்சியாளரானார். நைக்கி நிறுவனத்தின் ஓரிகன் திட்டத்தை அவர் நடத்தினார். மலைச்சிகரத்தில் வாழ்வதைப்போல ஆக்ஸிஜன் குறைக்கப்பட்ட காற்று நிரம்பிய வீட்டில் வீரர்களைத் தங்கவைத்தனர். தண்ணீருக்குள் ஓடும் இயந்திரங்கள் இருந்தன. 2013-இல் மேரி கெய்ன் என்ற 17 வயதுச் சிறுமி, அமெரிக்காவின் மிக வேகமான பெண்பிள்ளை என்று பெயர் பெற்றவள், அங்கே சேர்ந்தாள். 2019 நவம்பரில் அவள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் காணொளியில் தன் கதையைச் சொன்னாள். இன்னும் மெலிய வேண்டும், இன்னும் மெலிய வேண்டும் என்றார்களாம். உடன் ஓடுகிறவர்கள் முன்னிலையிலேயே எடை பார்த்தார்களாம். மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோயிற்று. ஐந்து எலும்புகள் முறிந்தன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. சலசார் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆயினும் ஊக்கமருந்து விதிமீறல்களுக்காக அவ்வாண்டே அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் திட்டமும் மூடப்பட்டது.

சபையிலுள்ள தாய்மார்கள் இதன் காரணத்தை அறிந்திருப்பது அவசியம். உண்ணும் உணவு செலவழிக்கும் பெலத்துக்குப் போதாதபோது, சரீரம் உயிரைக் காக்கும் வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பெண்பிள்ளைகளுக்கு முதலில் நிற்பது மாதவிடாய். அதனோடு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அது குறைய எலும்பு பலவீனப்படுகிறது. பிறகு ஓட்டத்தின் சாதாரண அதிர்ச்சியே எலும்பை முறிக்கப் போதுமாகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு, ஆண்களையும் இது தாக்கும் என்று எச்சரித்தது. ஓட்டப் பயிற்சியில் மாதவிடாய் நிற்பது நல்ல அறிகுறி என்று எண்ணும் பயிற்சியாளர்கள் உண்டு. அப்படி எவரேனும் உங்கள் மகளுக்குச் சொன்னால், அவரைவிட்டு அன்றே அவளை அழைத்து வந்துவிடுங்கள்.

சலசாரின் வரலாற்றில் என் உள்ளத்தைத் தொடுவது அவருடைய கொடுமை அன்று. அது வந்த வழி. தன் சரீரத்துக்கு இரங்க மறுத்ததையே புண்ணியமாக எண்ணிய ஒருவன், பிறன் சரீரத்துக்கு எங்ஙனம் இரங்குவான்? தன்னில் அன்புகூருவதுபோலப் பிறனிலும் அன்புகூரவேண்டும் என்ற கட்டளையை நாம் எப்போதும் பிறனுடைய பக்கத்திலிருந்தே வாசிக்கிறோம். அளவுகோலோ இப்பக்கத்தில் இருக்கிறது. அது முறிந்திருந்தால் அளப்பவை யாவும் கோணலாகும்.

நம் தேசத்துக் கதையும் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, ஒடிசாவின் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான் புதியா சிங். வயது நான்கு. மே மாதத்து வெயில். முடிவில் அவன் தளர்ந்து சரிந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் ஜூடோ கற்பித்தவர். வறுமையின் பிடியிலிருந்து அக்குழந்தையை மீட்டு உணவும் இருப்பிடமும் கொடுத்தவர் அவரே என்பதை மறைக்கலாகாது. மருத்துவர்கள் பரிசோதித்துக் கவலை தெரிவித்தனர். மாநில அரசு நெடுந்தூர ஓட்டத்தைத் தடை செய்தது. தாஸ் 2008-இல் கொல்லப்பட்டார். சிறுவன் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான். அவன் வருங்கால ஒலிம்பிக் வீரன் என்று அன்று எழுதிய பத்திரிகைகளின் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அந்தத் தடையை அன்று எத்தனை பேர் ஏசினார்கள் என்பது நினைவிருக்கிறதா? திறமையைக் கொல்லுகிறார்கள் என்றார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் சரீரத்துக்காகப் பேசத் தெரியாது. யாராவது பேசத்தான் வேண்டும்.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் ஏசா தன் சகோதரனைத் தன்னோடு விரைந்து வரும்படி அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளைஞர், மந்தையில் பால்கொடுக்கிறவை உண்டு, ஒரே நாள் விரட்டினாலும் எல்லாம் செத்துப்போகும், ஆகையால் பிள்ளைகளின் கால்நடைக்கு ஏற்றபடி மெதுவாய் வருவேன் என்கிறான். யாக்கோபு வாழ்நாளெல்லாம் ஓடினவன், எத்தன், போட்டியிலேயே பிறந்தவன். பிறக்கும்போதே முந்திக்கொள்ள அண்ணன் குதிகாலைப் பிடித்தவன். அவன் இங்கே சிறுபிள்ளைகளின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்ளுகிறான். இது யாப்போக்கு ஆற்றங்கரையில் தேவனோடு போராடித் தொடை சுளுக்கியபின் நடந்த காரியம் என்பதையும் கவனியுங்கள்.

இனி பவுலிடம் வருவோம். எதிர்வாதம் அங்கேதான் இருக்கிறது. தன் சரீரத்தை ஒடுக்குவதாக அப்போஸ்தலனே எழுதியிருக்கிறானே என்பார்கள். எழுதியிருக்கிறான், அதுவும் மெல்லிய சொல்லால் அல்ல. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குக் கண்ணின் கீழே குத்துதல் என்று பொருள். குத்துச்சண்டைக் களத்துச் சொல். புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது, லூக்கா 18-இல் விதவை அநீதியுள்ள நியாயாதிபதியை அலட்டுகிற இடத்தில். ஆனால் எதைக் குறித்து அப்படி எழுதினான்? எட்டாம் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்த மாமிசத்தைப் புசிக்க அவனுக்கு உரிமை உண்டு. பலவீனமான சகோதரனுக்கு இடறலாகும் என்றால் புசிப்பதில்லை. ஊழியத்துக்குச் சம்பளம் பெற உரிமை உண்டு, பெறவில்லை. மனைவியை உடன் அழைத்துச் செல்ல உரிமை உண்டு, செல்லவில்லை. பலவீனருக்குப் பலவீனனானான். இவ்வளவையும் சொன்னபிறகே பந்தயச் சாலை வருகிறது. ஆகவே அவன் ஒடுக்கியது பிறனுக்கு இடறலாகக்கூடிய தன் உரிமையை. பலவீனனை மிதித்துக்கொண்டு ஓடுவதற்கு இந்த வேதபகுதியை மேற்கோள் காட்டுவது, அதைத் தலைகீழாய்ப் பிடித்து வாசிப்பதாகும். சரீரத்தை வருத்துவது ஞானமென்ற பெயரை மட்டுமே பெறும் என்று கொலோசெயர் 2:23-இல் எழுதியவனும், சரீரப் பயிற்சியின் பயன் சிறிதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவனும் அதே அப்போஸ்தலன்தான்.

கொரிந்துவுக்கு அருகே இஸ்த்மியாவில் இரண்டாண்டுக்கொருமுறை நடந்த போட்டிகளை அச்சபையார் அறிவார்கள். வெற்றி பெற்றவனுக்குக் கிடைத்தது ஊசியிலைத் தழையாலோ வாடிய செலரித் தழையாலோ கட்டிய மாலை. பரிசளிக்கும்போதே வாடியிருந்த மாலை! அழிவுள்ள கிரீடம் என்று பவுல் குறிப்பிட்டபோது கேட்டவர்கள் சிரித்திருக்கவேண்டும். அக்காலத்துப் பயிற்சியாளர்களும் இன்றையோருக்குச் சளைத்தவர்கள் அல்லர். நான்கு நாள் சுழற்சி என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். எவனுக்கு எப்படி இருந்தாலும் அந்தந்த நாளுக்குரிய பயிற்சியை மாற்றுவதில்லை. பிலோஸ்திராத்தஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். கெரெனஸ் என்ற மல்யுத்த வீரன் ஒலிம்பியாவில் வென்று, நண்பர்களோடு விருந்துண்டு, மது அருந்தி, உறக்கமும் இல்லாமல் மறுநாள் களத்துக்கு வந்தான். உடம்பு சரியில்லை என்று ஒப்புக்கொண்டும், அட்டவணையை மீற மனமில்லாத பயிற்சியாளன் கோபங்கொண்டு அவனை விடாமல் பயிற்சி செய்யவைத்தான். அவன் பயிற்சிக்களத்திலேயே இறந்தான். இது பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி. மனுஷனுக்காக ஓய்வுநாள் உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் போதித்தது இத்தகைய அட்டவணைகளுக்கும் பொருந்தும்.

இப்போது எலியா. கர்மேலில் அக்கினி இறங்கியது, மழை வந்தது. கர்த்தருடைய கரம் அவன்மேல் இருந்தபடியால் ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல்மட்டும் ஓடினான். 25 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். நம் பிரசங்கங்கள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த அதிகாரத்தில் அவன் மறுபடியும் ஓடுகிறான், இம்முறை பயந்து. பெயெர்செபாவைத் தாண்டி ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்தில் போய், சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கோருகிறான். தேவன் அவனுக்கு என்ன செய்தார்? கடிந்துகொண்டாரா? விழுந்தாலும் எழுந்து ஓடு என்றாரா? அவனைத் தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். உண்டபின் மறுபடியும் தூங்கவிட்டார். இரண்டாம் முறை எழுப்பிக் கொடுத்தபோது சொல்லப்பட்ட காரணம், வழி அவன் பெலத்துக்கு மிஞ்சியது என்பதே. அந்தச் சிறுமியிடமும் அந்த நான்கு வயதுச் சிறுவனிடமும் எவரும் சொல்லாத காரணம் அது. ஓரேப் மலையில் எலியாவோடு கர்த்தர் பேசவேண்டியவை நிறைய இருந்தன, சில கடினமானவையும்கூட. ஆனால் அவன் தூங்கி உண்டு, மீண்டும் தூங்கி உண்டபின்னரே அவற்றைப் பேசினார்.

போதகரே, இந்தத் தலைமுறை ஏற்கெனவே சோம்பலில் கிடக்கிறது, நீர் இன்னும் மெத்தை விரிக்கிறீரே என்று சிலர் கேட்பீர்கள். சோம்பலை நான் ஆதரிக்கவில்லை. நல்ல பயிற்சியாளர் எவரிடமும் கேட்டுப்பாருங்கள்: ஓட்டம் சரீரத்தைத் தளர்த்துகிறது, அது பெலன் கொள்வதோ ஓய்விலும் உறக்கத்திலும் ஆகாரத்திலுமே. ஓய்வில்லாப் பயிற்சி பாதிப் பயிற்சி. இதைச் சோம்பேறிகளின் வாதம் என்பவர்கள், படைப்பின் ஏழாம் நாளை யாரிடம் போய்க் குறைகூறுவார்கள்?

எரிக் லிடெலைக் குறித்தும் சில வார்த்தைகள், ஏனெனில் அடுத்த உதாரணம் எப்போதும் அவரே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து, வேறொரு நாளில் நடந்த 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார். அதை அறிவோம். பின்பு சீனாவில் மிஷனெரியாகி, ஜப்பானியரின் வெய்ஷியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் நடுவர் இல்லாமல் விளையாடி அடிதடியில் இறங்கியபோது, ஒலிம்பிக்குக்கும் விட்டுக்கொடுக்காத தம் ஓய்வுநாள் விரதத்தை அந்தப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்து நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். பவுல் சொன்ன ஒடுக்குதல் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்த முகாம் மைதானத்தைப் பார்க்கலாம்.

பள்ளி விளையாட்டு விழாவுக்கும், மாவட்டப் போட்டிகளுக்கும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற பெற்றோர் இவ்வாரம் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வலிக்கிறது என்று சொன்னால் உன் பயிற்சியாளர் என்ன சொல்லுவார்? பதிலைக் கேட்டுக்கொண்டு, நேரமிருந்தால் என்னையும் வந்து பாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போலக் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். மூன்று நாள் தண்ணீருமின்றி உபவாசிக்கப் போவதாக வாலிபர் சிலர் தங்களுக்குள் போட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்; அந்தப் போட்டியை நான் அனுமதிக்கவில்லை. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்ளுகிறவர்களும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உண்டுவிட்டே வரவேண்டும். பதினொரு மணிக்கு ஆலயத்தின் பின்கூடத்தில் கஞ்சியும் துவையலும் இருக்கும். அதை உண்ணுகிறவர்களை எவரும் ஏறிட்டுப் பார்க்கவேண்டாம். நானும் அங்கே உட்கார்ந்து உண்பேன்.